பள்ளத்தோரத்து ஆள்கணக்கு

தீ ஒத்திகையை என்னைப்போல அழகாக நடத்துகிற ஆள் திருப்பூரிலேயே இல்லை என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் என் வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் என்று பெயர். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆடிட்டரை அனுப்புவார்கள். தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி முடிந்துவிட்டதா, கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா, சைரன் அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆட்கள் வெளியே வருகிறார்கள் என்றெல்லாம் அவர் பார்ப்பார். அவர் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் பார்க்காதபோது எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஒத்திகை பார்க்க அத்தனை அம்சமாக இருக்கும். சைரன் அடித்ததும் மிஷின்கள் நிற்கும். தரையில் நான் அடித்து வைத்திருக்கும் பச்சை அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டு முன்னூற்றுச் சொச்சம் பேர் பின் கேட் வழியாக வெளியே போவார்கள். பின்னால் ஒரு பெரிய காலி இடம். அதன் நடுவில் 'அசெம்ப்ளி பாயிண்ட்' என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பச்சைப் பலகை. அங்கே இரண்டு வரிசையாக நிற்க வேண்டும், ஐடி கார்டு வெளியே தெரிய வேண்டும், முன்வரிசை குத்தவைத்து உட்கார வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்த்து ஆட்களை எண்ணி, போட்டோ எடுத்து, நான் கையை ஆட்டிய பிறகுதான் யாரும் நகரலாம். ஆரம்பத்தில் போட்டோவுக்கு முன்பே கலைந்து போய் என் மானத்தை வாங்கினார்கள். கண்ணில் விரலைவிட்டு ஆட்டித்தான் அவர்களைப் பழக்கினேன். கடைசியில் பிகாரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆள்கூட, போட்டோ எடுக்காமல் நகரக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்தான்.

இந்தப் புகழ் மாநகராட்சி வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒருநாள் எங்கள் பகுதி உதவிப் பொறியாளர் கம்பெனிக்கே வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், தோளில் ஒரு துணிப்பை. வார்டு வாரியாகப் பேரிடர் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளம், தீ, சாயப்பட்டறையில் கெமிக்கல் கசிவு எல்லாம் வந்தால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு குழு போட வேண்டும் என்றார்.

"நீங்க ஃபைலு நல்லா எழுதுவீயன்னு சொன்னாவ சார்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் நாற்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதிக்கொடுத்தேன். ஆடிட்டுக்கு வைத்திருந்ததில் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு வார்டு எண்ணைப் போட்டேன் என்பதுதான் உண்மை. பக்கத்தில் இருக்கும் லைன் வீடுகளுக்கும் சேர்த்து அதே பச்சைப் பலகைதான் கூடுமிடம் என்று எழுதியிருந்தேன்.

எங்கள் பகுதியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் மெயின் ரோடு. ரோட்டை ஒட்டி மாநகராட்சிப் பள்ளிக்கூடம், அதற்கு அடுத்து பள்ளிவாசல். அங்கிருந்து ஒரு சந்து சரிவாக இறங்கும். சரிவின் பாதியில் எங்கள் கம்பெனி, அதற்குக் கீழே ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய நாற்பது லைன் வீடுகள், பக்கவாட்டில் அந்தக் காலி இடம், கடைசியில் பள்ளம். எங்கள் ஊரில் ஓடையைப் பள்ளம் என்போம். வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஒரு முழ அகலத்துக்குச் சாக்கடைத் தண்ணீர் ஓடும். மீதி நாளில் அதுவும் இருக்காது.

குழுவின் முதல் கூட்டம் பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. எங்கள் முழங்கால் முகவாயை இடிக்கிற அளவுக்குச் சின்ன பெஞ்சு. பொறியாளர், நான், பள்ளிவாசல் கமிட்டிக்காரரான பாய், எங்கள் பகுதியில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா, ஆக நாலு பேர். பாய்க்குக் காதர்பேட்டையில் பனியன் கடை. வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளோடு பேசிப் பேசி இந்தியைத் தண்ணீராகப் பேசுவார். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மாநகராட்சியின் பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகக் குப்பை வாங்குபவர். தெருவில் அவர் குரல் கேட்டால் நாய்கூட ஒதுங்கி நிற்கும்.

பொறியாளர் என் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதுல ஒண்ணே ஒண்ணுதான் வேணும். தண்ணி வந்தா, கம்பெனி ஆளும் லைன் வீட்டு ஆளும் ஒருத்தர்கூட விடுபடாம வந்து சேரணும். மத்ததெல்லாம் பேப்பரு."

பேப்பர் என்றது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெருமையாக என் திட்டத்தை விளக்கினேன். கூடுமிடம் என்று காலி இடத்தைச் சொன்னதும் தூய்மைப் பணியாளர் அம்மா சிரித்துவிட்டார்.

"ஏனுங் சார், தண்ணி வந்தா அது மொதல்ல வர்ற எடமே அதுதானுங்களே. தண்ணிய வரவேற்கவா அத்தன சனத்தையும் அங்க நிறுத்தறீங்க?"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பதினைந்து வருடமாக அந்த இடத்தைப் பார்க்கிறேன், ஒருநாளும் அங்கே தண்ணீர் நின்றதில்லை என்றேன்.

"நீங்க ஆடிட்டர் வர்றப்பத்தானுங் சார் அங்க வருவீங்க. மழ நாளுல வந்திருக்கீங்களா?" என்றார்.

மழை நாளில் யாரும் ஒத்திகை வைப்பதில்லை, போட்டோ சரியாக விழாது.

"சும்மா எதுக்கு வாக்குவாதம், போய்ப் பாத்துருவோம்" என்று பொறியாளர் எழுந்துவிட்டார். நாலு பேரும் சந்தில் இறங்கி, காலி இடத்தைத் தாண்டி, பள்ளத்து ஓரம் வரை போனோம். கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். அந்த முள்ளைக் காட்டி, "பாருங்க" என்றார் அந்த அம்மா.

முள்ளில் துணித்துண்டுகள் மாட்டியிருந்தன. எங்கள் ஊரில் இது ஒரு அதிசயமில்லை. கட்டிங் வேஸ்ட் பறக்காத தெருவும் இங்கே கிடையாது, முள்ளும் கிடையாது. காற்றில் வந்து மாட்டியது என்று சொன்னேன்.

"காத்துல வந்தா மேலயுங் கீழயுமா கெடக்குமுங்க. இது பாருங்க, கயிறு புடிச்சாப்ல."

அப்போதுதான் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு. இடுப்பு உயரத்தில் இன்னொரு கோடு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மூன்றாவது. கரை நெடுக, ஒவ்வொரு முள்மரத்திலும் அதே உயரத்தில், சேறு காய்ந்த துண்டுகள் வரிசை பிசகாமல் தொங்கின. பள்ளம் வளைகிற இடத்தில் கோடும் வளைந்தது. தண்ணீர் வந்து நின்ற உயரம் அது என்று புரிந்தபோது, என்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

நெஞ்சு உயரத்துக் கோட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து விரலால் தேய்த்தேன். சேறு உதிர்ந்ததும் உள்ளே செங்கல் நிறமும் ஆரஞ்சும் கலந்த ஒரு ரிப் துணி. எனக்கு அந்த நிறத்தைத் தெரியும். குழந்தைகளுக்கான ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டி. வாங்குகிறவர் ஷேடு சரியில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பி, சாயப்பட்டறைக்காரரோடு நான் மல்லுக்கு நின்ற நிறம். என் மகளுக்குக் கல்யாணம் வைத்த வருடம் ஓடிய ஆர்டர் அது. வாய்விட்டு வருடத்தைச் சொன்னேன்.

பொறியாளர் சட்டென்று திரும்பினார். "என்ன சார் சொல்லுதிய? துணியப் பாத்தா வருசம் தெரியுமா?"

தெரிந்தது. இடுப்பு உயரத்துக் கோட்டில் வெள்ளைத் துண்டுகளும் மெல்லிய எலாஸ்டிக் நாடாவும் நிறையக் கிடந்தன. கொரோனா சமயத்தில் ஊர் முழுக்க மாஸ்க் தைத்தோமே, அந்த வேஸ்ட். கீழ்க்கோட்டில் புதினா நிறம். போன வருடத்துக்கு முந்திய வருடம் எங்களுக்கும் எதிர்க் கம்பெனிக்கும் சேர்ந்து வந்த ஆர்டர். பாயும் இரண்டு துண்டுகளை எடுத்து உள்நாட்டுச் சரக்கு என்றும், எந்தத் தீபாவளிக்கு ஓடியது என்றும் சொன்னார். பொறியாளர் டேப்பைப் பிடித்து உயரத்தை அளந்தார், நாங்கள் வருடத்தைச் சொன்னோம், அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எந்த ஆபீஸிலும் இல்லாத வெள்ளக் கணக்கு எங்கள் வேஸ்ட் துணியில் இருந்தது. நாங்கள் வீசியெறிந்ததை வைத்தே பள்ளம் எழுதி வைத்திருந்தது. பக்திக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த முள்காட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாம்போல இருந்தது.

திருப்பூரில் ஒரு சென்ட் இடத்தை யாராவது சும்மா விடுவார்களா? அந்த இடத்தில் ஏன் யாரும் ஒரு செட்டுகூடப் போடவில்லை என்று பதினைந்து வருடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் வந்து உட்காருகிற இடம் என்பது பழைய நிலக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் காலியாக விட்டிருக்கிறார்கள். காலியாக இருந்ததால் நான் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். நான் மட்டுமில்லை, பள்ளத்தை ஒட்டிய கம்பெனிகள் பலவும் இதையேதான் செய்திருந்தன.

திட்டத்தைத் திருத்தி எழுதினோம். கூடுமிடம் மேட்டுப் பள்ளிக்கூடம். தகவல் வந்ததும் பள்ளிவாசல் மைக்கில் தமிழிலும் இந்தியிலும் சொல்வது பாயின் பொறுப்பு. கம்பெனி ஆட்களை அனுப்பி எண்ணிப் பார்ப்பது என் பொறுப்பு. நடக்க முடியாதவர்களைத் தன் பேட்டரி வண்டியில் கொண்டுவருவதாகத் தூய்மைப் பணியாளர் அம்மா சொன்னார். லைன் வீடுகளில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று பொறியாளர் கேட்டதும், மடமடவென்று ஒன்பது பேரைச் சொன்னார்.

"ஏழாவது ஊட்டுல பெரியவருக்குச் சக்கர. கால்ல கட்டுப் போட்டிருக்காருங்க. பதினொண்ணுல ஒரு அம்மா படுத்த படுக்கை. அதுக்கு அடுத்த ஊட்டுல மூச்சு எளப்புங்க, பத்தடி நடந்தா உக்காந்துருவாங்க."

"ஒங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"ஊசி, கட்டுத்துணி, மாத்திர அட்டை எல்லாம் எங்கிட்டத்தானுங்க மேடம் வருது."

வெள்ளம் வந்தால் யாரை முதலில் தூக்குவது என்று நாலு பேர் குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் அடிக்கிற ஒரு பகலில், யாரும் அழாமல் யோசித்துக்கொண்டிருந்தோம். நான் பல ஃபைல்கள் எழுதியிருக்கிறேன். ஒரு ஃபைலைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

கலங்கி என்ன பயன்? என் பக்கத்து வேலையை நான் முடிக்கவில்லை. கம்பெனியின் அம்புக்குறிகளை மாற்றி, பச்சைப் பலகையைப் பிடுங்கி மேட்டில் நட வேண்டும். ஆனால் அடுத்த மாதம் ஆடிட். ஆடிட்டரிடம் இருக்கும் வரைபடத்தில் பழைய இடம்தான் இருக்கிறது. மாற்றினால் அவர்களிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். ஆடிட் முடியட்டும், ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். முள்ளில் கோட்டைப் பார்த்த பிறகும், துணியைத் தொட்டுப் பார்த்த பிறகும் அப்படி நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஆடிட் வருவதற்கு முன்பே, ஐப்பசியில் ஒரு நாள். காலை பத்து மணி, டீ நேரம் முடிந்து மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. வெயில் சுள்ளென்று அடித்தது. முந்தைய நாள் இங்கே நாலு தூறல்தான். பொறியாளரின் குரல் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேற்கே ராத்திரி முழுக்க மழை, குளம் நிரம்பிக் கலிங்கல் வழிகிறது, அரை மணி நேரத்தில் தண்ணீர் நம் பள்ளத்துக்கு வந்துவிடும். "பிளான்ல உள்ளபடி எல்லாரையும் ஸ்கூலுக்குக் கொண்டாங்க. சீக்கிரம்" என்று முடித்திருந்தார்.

ஓடிப் போய் சைரனை அழுத்தினேன். மறைக்க மாட்டேன், அந்த நொடியில் எனக்கு ஒரு குஷிகூட இருந்தது. மிஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. நாற்காலி இழுபடும் சத்தம், காலடிச் சத்தம், பிறகு அமைதி. மாடியிலிருந்த என் அறையில் ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். ஃப்ளோர் காலியாக இருந்தது. தரையில் பச்சை அம்புக்குறிகள் பளபளவென்று பின் கேட்டைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நான் மாற்றவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின் கேட்டுக்கு ஓடினேன். எல்லாரும் காலி இடத்தில் நின்றார்கள். இரண்டு வரிசை. கோணல் இல்லை. ஐடி கார்டுகள் வெளியே. முன்வரிசை குத்தவைத்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் பள்ளத்தில், எப்போதும் சத்தமே இல்லாத பள்ளத்தில், லாரி ஒன்று முதல் கியரில் ஏறுவதுபோல ஒரு இரைச்சல்.

"மேல போங்க! ஸ்கூலுக்குப் போங்க!" என்று கத்தினேன்.

சிலர் சிரித்தார்கள். ஆடிட்டர் எங்கேயோ ஒளிந்து பார்க்கிறார், சார் சத்தம் போட்டு நடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு பிகார்ப் பையன் நல்ல பிள்ளையாகக் கையை உயர்த்தினான். "சார், ஃபோட்டோ?"

கையை ஆட்டினால் கலைவார்கள். ஆனால் கலைந்து நேராக மிஷினுக்குத்தான் போவார்கள், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். எங்கள் தையல் ஃப்ளோரும் பள்ளத்தைவிட ஆறடிதான் உயரம். நான் சொன்னதை அப்படியே கேட்கிற முன்னூற்றுச் சொச்சம் பேரைக் கொண்டுவந்து தண்ணீருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது மேட்டிலிருந்து பள்ளிவாசல் மைக் கரகரத்தது.

"கம்பெனி வாலோ! மைதான் மே மத் ருக்கோ! ஊப்பர் ஆவோ, ஸ்கூல் ஆவோ, ஜல்தி!" பாயின் குரல். காதர்பேட்டையில் ஒரு டஜனுக்கு எட்டணா இறக்கச் சொன்னால் எகிறுமே, அந்தக் குரல். உடனே தமிழில், "போட்டோ எல்லாம் கெடையாதுங்க! நெசத் தண்ணி வருதுங்க! வரிசைய உடாம மேட்டுக்கு வாங்க!"

பள்ளிவாசல் மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். எத்தனையோ வருடமாக எங்கள் ஒத்திகையை அவர் அங்கிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வரிசை திரும்பியது. அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. முன்வரிசை எழுந்தது, கடைசியில் இருந்தவர்கள் முதலாக ஆனார்கள், இரண்டு வரிசைகளும் அப்படியே சந்தில் ஏறத் தொடங்கின. ஒடிசாவும் பிகாரும் தேனியும் தாராபுரமும் ஒரே அசைவாகத் திரும்பின. பழைய இடத்துக்குப் போகப் பழக்கியதும் நான்தான், நெரிசல் இல்லாமல் நடக்கப் பழக்கியதும் நான்தான். வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் கடைசி ஆளாக அவர்களுக்குப் பின்னால் ஏறினேன்.

பாதிச் சரிவில் திரும்பிப் பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த வெயிலில், கரைக்கு மேலே ஒரு பழுப்பு மடிப்பு எழுந்து, அவசரமே இல்லாமல், காலி இடத்துக்குள் நடந்து வந்தது. மேலே நுரை, மரக்கிளை, நிறம் நிறமாக வேஸ்ட் துணி. ஆட்கள் நின்ற இடத்தை ஒரு நிமிடத்தில் மூடியது. பயப்பட வேண்டிய நேரத்தில் நான் வாயைப் பிளந்து வியந்துகொண்டிருந்தேன். இத்தனை பெரிய ஒன்று இங்கே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதன் வாசலில் பலகை நட்டு நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். லைன் வீட்டு ஆட்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். நடக்க முடியாதவர்களைப் பேட்டரி வண்டி மூன்று நடையில் கொண்டுவந்து வராந்தாவில் இறக்கிவிட்டிருந்தது. குப்பை வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த பெரியவரை அந்த அம்மா திட்டித் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார் என்று ஒரு பெண் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ரிஜிஸ்டரை விரித்து, கம்பெனி ஆட்களைத் தையல் லைன் வாரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். லீவு போட்டவர்களைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். இரண்டாவது முறையும் எண்ணினேன், சரியாக இருந்தது. பொறியாளர் லைன் வீட்டுப் பட்டியலில் நாற்பது வீட்டுக்கும் டிக் அடித்தார். ஒன்பது பேருக்கும் டிக் அடித்தார்.

"ஒருத்தரும் விடுபடலல்லா சார்?"

"இல்லீங்க மேடம். ஒருத்தர்கூட இல்லீங்க."

'அனைவரும் பாதுகாப்பாக வந்து சேர்ந்தனர்' என்று எழுதி, நேரம் போட்டு, இருவரும் கையெழுத்திட்டோம். அதை அவர் போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இத்தனை உயிரும் இங்கே இருக்கிறது, கண் முன்னால், மூச்சு விட்டுக்கொண்டு, டீ கேட்டுக்கொண்டு. இதைவிடப் பெரிய காட்சி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வராந்தாவில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஏழாவது வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, வண்டியோட்டுன புள்ள எங்க? மறுக்காவும் கீழ போச்சே, வந்துருச்சா?"

நான் பொறியாளரைப் பார்த்தேன். அவர் பட்டியலின் பக்கங்களைப் புரட்டினார். நானும் என் ரிஜிஸ்டரைப் பார்த்தேன், எதற்கு என்று தெரியாமலேயே. அதில் எப்படி இருக்கும்? அந்த அம்மா எங்கள் கம்பெனி ஆள் இல்லை. லைன் வீட்டு ஆளும் இல்லை, அவிநாசிபாளையத்துப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நாற்பது பக்கத் திட்டத்தில் பிறரைத் தூக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். வந்து சேர வேண்டியவர்களின் வரிசையில் நாங்கள் யாரும் அவரை எழுதவில்லை. அந்த ஒன்பது பேரைச் சொன்னபோது அவரும்கூடத் தன்னைச் சொல்லவில்லை.

பொறியாளர் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீயணைப்புக்குச் சொன்னார். நாங்கள் சந்தின் மேல்முனைக்கு ஓடினோம். கீழே சந்தின் பாதிவரை தண்ணீர். லைன் வீடுகளில் ஜன்னலின் அடிப்பகுதி தெரியவில்லை. பேட்டரி வண்டி சுவரோரம் சாய்ந்து நின்றது, அதன் மேல்பாதி மட்டும் தெரிந்தது. வண்டியில் யாரும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். போட்டோ கேட்ட பிகார்ப் பையனும் அவன் கூட்டாளி ஒருவனும் என்னிடம் எதுவும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

கடைசி வீட்டுத் திருப்பத்தில் முதலில் ஒரு கை தெரிந்தது, சுவரைப் பிடித்தபடி. பிறகு அந்த அம்மா. நெஞ்சுவரை தண்ணீர். தோளில், ஒளிரும் பட்டை வைத்த அவருடைய டியூட்டி கோட்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அவர் சேலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு இளம்பெண். பையன்கள் போய் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். மேட்டுக்கு வந்ததும் பொட்டலம் வீறிட்டு அழுதது. சேற்றுத் தண்ணீரில் நனைந்த அந்த நாலு பேர் நடுவில் அத்தனை சுத்தமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது அந்தக் குழந்தை.

"ஒடிசாக்காரங்க. அண்ணங்காரனப் பாக்க வந்த புள்ள, இங்கயே பெத்துட்டா போல. அவன் வேற கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டானுங்க" என்று பல் கிட்டிக்க, மூச்சு வாங்கச் சொன்னார். "நேத்துக் குப்பையில பால்பவுடர் டப்பா கெடந்துச்சுங்க. அப்படியொரு கொழந்த நம்ம லிஸ்ட்டுல இல்லையேன்னு அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. பாசையும் தெரியல, கதவச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தா. வண்டி வேற நின்னுபோச்சு. சூப்பர்வைசர் என்னயத்தான் வைவாரு."

பொறியாளர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மா சங்கடப்பட்டு, "சேறாகுதுங்க மேடம்" என்று விலகினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைதானத்தில் நிறைந்திருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களுங்களா சார்?"

கால் மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"இப்பத்தானுங்க" என்றேன். "இப்பத்தான் எல்லாரும் வந்தாங்க."